கிளாலியும் குதிரைவலுவும்: ஈழத்து வடகடலில் வெளியிணைப்பு இயந்திரத்தின் வரலாறு

இலண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹரோ, டூட்டிங் ஆகிய பகுதிகளில் வாழும் ஈழத்தமிழருள் 1990-களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் பலர் உள்ளனர். அவர்களது புலப்பெயர்வு கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்கியதன்று. இருட்டிய பின் கிளாலிக் கரையில் முழங்காலளவு நீரில் நடந்து படகேறியபோதே அது தொடங்கியது. ஓர் இயந்திரப் படகின் பின்னே கயிற்றால் பிணைக்கப்பட்ட இயந்திரமில்லாப் படகுகள், அவற்றில் நெருக்கியமர்ந்த குடும்பங்கள், மூட்டைகள், மிதிவண்டிகள், எல்லாவற்றையும் இழுத்துச் செல்லும் ஒற்றை மோட்டாரின் ஓசை என்பவை அத்தலைமுறையின் நினைவில் நிலைத்துள்ளன. அந்த மோட்டாரே இக்கட்டுரையின் பொருள். ஏரியில் தோணியோட்டி மகிழ்வார்க்காக அமெரிக்காவில் உருவான ஒரு பொறி ஈழத்து வடகடலில் உழைப்பின் கருவியாகவும், போரின் கருவியாகவும், உயிர்தப்பும் வழியாகவும் மாறிய வரலாற்றில், அதன் குதிரைவலு எத்தனை என்னும் எண் ஓர் அரசியல் எண்ணாகவே இருந்து வந்தது என்பது இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

பெயர் பற்றி ஒரு குறிப்பு. அவுட்போர்டு மோட்டாரை இலங்கையின் அரசு ஆவணங்கள் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என வழங்குகின்றன. கரையோர மக்களுக்கு அது ‘அவுட்போட்’ அல்லது வெறும் ‘எஞ்சின்’. தமிழகத்தில் குதிரைத்திறன் எனப்படுவது ஈழத்தில் குதிரைவலு. 746 வாட்டு கொண்ட ஓர் அளவுக்குத் திறன் என்பதே இயற்பியல் முறைப்படி பொருத்தமான சொல். வலு என்பது பேச்சு வழக்கில் ஆற்றல், அதிகாரம் ஆகிய பொருள்களையும் தொட்டு நிற்பது. இவ்வரலாற்றுக்கு இரண்டாவது சொல்லே ஏற்றதாகத் தோன்றுகிறது.

பொறியின் பிறப்பும் வலுவின் பெருக்கமும்

கழற்றி மாட்டக்கூடிய படகு மோட்டாரின் தொடக்கத்தை, 1881-இல் பாரிசின் சேன் ஆற்றில் குஸ்தாவ் துருவே ஓட்டிக்காட்டிய மின்மோட்டாரில் காண்பர். பெட்ரோல் மோட்டாருக்கு அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் 1907-இல் காப்புரிமை பெற்றார். நோர்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் அதனை வணிகப் பொருளாக்கினார். அவரது முதல் மோட்டாரின் வலு ஒன்றரைக் குதிரைவலு. எடை 62 இறாத்தல். விலை 62 டொலர். பிரித்தானியாவில் 1930-களில் தோன்றிய சீகல் மோட்டாரும் சில குதிரைவலு கொண்ட எளிய பொறியே. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் அதனைப் பெருமளவில் வாங்கியது. வெளியிணைப்பு இயந்திரம் போர்க்கருவியானது பாக்கு நீரிணையில்தான் முதன்முறை என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வலுவைப் பெருக்கியது மீன்பிடி அன்று. செல்வர்தம் பொழுதுபோக்கும் பந்தயமுமே. 1956-இல் மயாமி–நாசோ பந்தயம் தொடங்கியது. இலண்டனின் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழைச் சேர்ந்த சேர் மக்ஸ் எய்ற்கினின் முயற்சியால் 1961-இல் கவ்ஸ்–டோர்கீ பந்தயம் ஆங்கிலக் கால்வாயில் நடந்தது. கரைக்கு அப்பாலான அலைகடலில் விரைவாகச் செல்லல் என்னும் நோக்கு இவற்றால் வலுப்பெற்றது. அலையைப் பிளக்கும் ஆழ்ந்த ‘வி’ வடிவ அடித்தளமும் இக்காலத்தில்தான் புகழ்பெற்றது. 1962-இல் மெர்க்குரி நிறுவனம் 100 குதிரைவலு மோட்டாரை வெளியிட்டது. 1976-இல் ஆறு சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் அமைந்த 175, 200 குதிரைவலு மோட்டார்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 2021-இல் வெளிவந்த மெர்க்குரி மோட்டார் ஒன்றுக்குப் பன்னிரண்டு சிலிண்டர்கள், 600 குதிரைவலு. இதற்கிடையில் 1960-இல் 7 குதிரைவலு மோட்டாருடன் களமிறங்கிய ஜப்பானின் யமஹா, பந்தயக்காரரை மட்டுமன்றி ஆசிய, ஆபிரிக்கக் கடற்றொழிலாளரையும் நோக்கியது. வடகடல் மக்கள் நன்கறிந்த மண்ணெண்ணெய் மோட்டார் அவ்வழியில் வந்ததே: பெட்ரோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறும் ஈரடிப்பு இயந்திரம்.

ஆழமற்ற கடலுக்குப் பொருந்திய பொறி

இலங்கை அரசு 1958 முதல் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டத்தைச் செயற்படுத்தியது. அதன் முதன்மைக் கருவி 28 அடி நீளமும் மூன்றரைத் தொன் எடையும் கொண்ட, உள்ளே டீசல் இயந்திரம் பொருத்திய படகு. மரபுவழி வள்ளங்களுக்கு வெளியிணைப்பு மோட்டார்களும் அதே காலத்தில் தவணை முறையில் வழங்கப்பட்டன. 1960-களின் பிற்பகுதியில் நோர்வேயினரின் துணையுடன் காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம் வடபகுதியின் படகுக் கட்டுமானத்தை மாற்றியமைத்தது. பின்னர்க் கண்ணாடியிழைப் படகு பரவியபோது அதன் அமரத்தில் மாட்டப்பட்ட 8 முதல் 25 குதிரைவலு வரையிலான மோட்டார் வடகடலின் பொது வாகனமாயிற்று.

இதற்கான காரணம் கடலின் அமைப்பிலேயே உள்ளது. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழமும் இல்லாதது. தீவகத்தைச் சூழ்ந்த பரவைக்கடலிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் படகிலிருந்து இறங்கி நடக்கும் அளவுக்கே நீர் நிற்கும் இடங்கள் பல. நிலையான தண்டும் புரொப்பெல்லரும் கொண்ட உள்ளிணைப்புப் படகுக்கு இறங்குதுறை வேண்டும், வெட்டிய வாய்க்கால் வேண்டும். வெளியிணைப்பு மோட்டாரையோ கையால் சாய்த்து மேலே தூக்கிவிடலாம். படகு மணலேறும்; மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கும் கொண்டு போகலாம். துறைமுகம் கட்டித்தராத அரசின் கீழ் வாழ்ந்த ஊர்களுக்கு இது சிறிய நன்மையன்று.

அதற்கு முன்பு கடற்றொழிலின் நாட்காட்டி காற்றின் நாட்காட்டியாகவே இருந்தது. வாடையும் சோளகமும் கச்சானும் கொண்டலும் எப்போது எங்கே வலை வீசலாம், எந்தக் கரையில் வாடி அமைக்கலாம் என்பதைத் தீர்மானித்தன. மோட்டார் அந்தக் கட்டை முழுவதும் அவிழ்க்காவிட்டாலும் தளர்த்தியது. எதிர்க்காற்றிலும் குறித்த நேரத்தில் கரைக்குத் திரும்ப முடிந்ததால் ஐஸ் ஏற்றிய லொறிக்கு மீன் கிடைத்தது. கொழும்புச் சந்தை நெருங்கியது. ஆனால் பாய்மரம் கடன் கேட்பதில்லை, எஞ்சின் கேட்கும். மோட்டாரின் விலை, உதிரிப்பாகம், எரிபொருள் என்பன சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பங்கீட்டில் புதிய கூறுகளாக நுழைந்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டு ஆண்டுகளில் ஒரு புரொப்பெல்லர் உடைவதே ஒரு பருவத்தின் இழப்பாகிவிடும்.

வலுவைக் கூட்டினால் என்ன கிடைக்கும் என்பதையும் இங்கு விளக்க வேண்டும். பின்வரும் அரசியல் இதன்மேல்தான் நிற்கிறது. நீரைத் தள்ளிச் செல்லும் படகின் வேகம் அதன் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தால் வரையறுக்கப்படும். நீர்க்கோட்டில் பதினாறடி கொண்ட படகுக்கு அவ்வரம்பு மணிக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கடல்மைல். அதற்குச் சில குதிரைவலுவே போதும். அந்த வரம்பைக் கடக்கப் படகு நீரைவிட்டு மேலெழுந்து அதன்மேல் வழுக்கி ஓட வேண்டும்; இலேசான படகை அவ்வாறு எழுப்ப 25 குதிரைவலு தேவைப்படலாம், சுமையேறினால் அதுவும் போதாது. விலையோ கடுமையானது. 25 குதிரைவலு ஈரடிப்பு மோட்டார் முழுவேகத்தில் மணிக்குப் பத்து லீற்றருக்கு மேல் குடிக்கும். 200 குதிரைவலு எழுபது லீற்றரைத் தாண்டும். வலை வீசி வாழ்பவனுக்கு 200 குதிரைவலுவால் பயனில்லை. துரத்துபவனுக்கும் துரத்தப்படுபவனுக்குமே அது பொருளுடையது.

கடலில் போர்

பாக்கு நீரிணையில் துரத்தல் போருக்கு முந்தியது. வல்வெட்டித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையிலான பழைய வணிகத் தொடர்பைத் தேச எல்லைகளும் சுங்கச் சட்டங்களும் கடத்தல் எனப் பெயர்மாற்றியபின், சுங்கப் படகைவிட விரைந்து செல்லும் மோட்டாருக்கு அங்கு மதிப்புண்டாயிற்று. 1983-இன் பின்னர் அந்த அறிவு இயக்கங்களின் கைக்குச் சென்றது. விடுதலைப் புலிகளின் கடற்புலிகள் அணி தாழ்ந்த தோற்றமுடைய கண்ணாடியிழைப் படகுகளில் 200, 250 குதிரைவலு மோட்டார்களைப் பலவாகப் பொருத்தி, இஸ்ரேலிய டோரா வகை அதிவேகப் பீரங்கிப் படகுகளை எதிர்கொண்டது. 2006-க்குப் பின், வசந்த கரன்னாகொட தளபதியாயிருந்த காலத்தில், இலங்கைக் கடற்படை அதே தருக்கத்தைத் தனதாக்கியது: இரட்டை மோட்டார் பூட்டிய ‘அரோ’ என்னும் சிறுபடகுகளைப் பெருந்தொகையாக உள்நாட்டிலேயே கட்டிக் கூட்டமாக ஏவியது. படைத்துறை எழுத்துகள் இதனைச் சிறுபடகுக் கோட்பாடு என விரிவாகப் பேசியுள்ளன. உல்லாசத்துக்கெனச் செய்யப்பட்ட ஒரே வகைப் பொறி இரு தரப்பின் படகுகளிலும் இருந்தது என்பதைத் தவிர இங்குச் சேர்க்க வேண்டியது அதிகமில்லை.

அவ்வெழுத்துகள் பேசாதது கிளாலி. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் ஆனையிறவு வழி மூடப்பட்டது. 1991-இல் பூநகரியில் இராணுவ முகாம் அமைந்ததோடு சங்குப்பிட்டி வழியும் இல்லாமற் போயிற்று. குடாநாட்டு மக்களுக்குத் தெற்கே செல்ல எஞ்சியது கடனீரேரி மட்டுமே. நாகதேவன்துறைக் கடற்படைத் தளத்திலிருந்து சுற்றுக்காவல் வந்துகொண்டிருந்ததால் பயணம் இருளில் நடந்தது, விளக்கில்லை. நோயாளரும், பல்கலைக்கழக மாணவரும், ஓய்வூதியம் பெறச் சென்ற முதியோரும், வெளிநாடு செல்லக் கொழும்பு நோக்கிய இளைஞரும் அவ்வழியே கடந்தனர். 1993 ஜனவரி 2-ஆம் நாள் இரவு கடனீரேரியில் பயணிகள் படகுகள்மீது கடற்படை நடத்திய தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் பயணம் நின்றுவிடவில்லை, வேறு வழியிருக்கவில்லை.

இப்பயணத்தில் மோட்டாரின் தொழில் வேகமன்று, இழுவை. ஒரு மோட்டார் பல படகுகளை இழுத்தது. எரிபொருளே கிடைப்பதரிது. பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் டீசலும் குடாநாட்டுக்கு வருவது நின்றுபோயிருந்தது. தெருவில் பழைய ஒஸ்ரின் கார்கள் சில துளி பெட்ரோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. மண்ணெண்ணெய் மோட்டாரை இருபதாண்டு பழகிய கடற்றொழிலாளர் ஊர்களுக்கு அந்த நுட்பம் புதிதன்று. யாழ்ப்பாணச் சமூகம் தன் சாதி அடுக்கில் கடற்றொழிலாளருக்குத் தந்திருந்த இடத்தை அறிந்தோர், குடாநாடு முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களது படகிலும் கைத்திறனிலும் தங்கியிருந்த அவ்வாண்டுகளை வெறும் போக்குவரத்துச் செய்தியாகக் கொள்ளமாட்டார்.

மன்னார்ப் பக்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீற்றர். 1983 தொட்டு அகதிகள் அவ்வழியே மோட்டார்ப் படகுகளில் தமிழகம் சென்றனர். இந்தியக் கரையை நெருங்க அஞ்சிய படகோட்டிகள் அவர்களை இராமர் அணை எனப்படும் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பியதும் உண்டு. வெயிலில் நீரின்றிக் காத்திருந்த குடும்பங்களை இராமேசுவரம் மீனவர் கண்டு அழைத்துச் சென்றதும் உண்டு.

கடற்றொழிலாளருக்கோ கடல் மூடப்பட்டது. 1984-இன் இறுதியில் வடகரை தடைசெய்யப்பட்ட வலயமாக்கப்பட்டது. தடை ஆண்டுக்காண்டு வடிவம் மாறியது: சில காலம் முழுத்தடை, சில காலம் பகலில் மட்டும் அனுமதி, கரையிலிருந்து இவ்வளவு தொலைவே, அடையாள அட்டை வேண்டும், மோட்டாரின் குதிரைவலு ஓர் உச்சவரம்பை மீறலாகாது. கடைசி விதி கவனத்துக்குரியது. மேலே காட்டியபடி, வலுவின் வரம்பு என்பது வேகத்தின் வரம்பு மட்டுமன்று. தொலைவின் வரம்பு, சுமையின் வரம்பு, புயலுக்கு முன் கரைதிரும்பும் வாய்ப்பின் வரம்பு. அரசின் கண்ணில் வலுமிக்க மோட்டார் வைத்திருப்பவன் ஐயத்துக்குரியவன். அவ்வையத்தின் அளவுகோலாகக் குதிரைவலு அமைந்தது.

2002 பெப்ரவரி 22 புரிந்துணர்வு உடன்படிக்கை இதனை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் எனலாம். பகல், இரவு மீன்பிடித் தடைகளைத் தொண்ணூறு நாளில் நீக்குவதாக அது கூறியது. விதிவிலக்காக, கரையோரப் படைமுகாம் ஒவ்வொன்றின் இருபுறமும் ஒரு கடல்மைலுக்கும் கடல்நோக்கி இரு கடல்மைலுக்கும் மீன்பிடி விலக்கப்பட்டது. துறைமுகங்களும் அவற்றின் வாயில்களும் குடாக்களும் கழிமுகங்களும் விலக்கப்பட்டன. முகாம்கள் நெருங்கி நின்ற கரையில் இவ்விதிவிலக்குகள் எவ்வளவு கடலை விழுங்கும் என்பதற்கு வரைபடம் தேவையில்லை.

மறுகரையின் வலு

இதே காலத்தில் பாக்கு விரிகுடாவின் மேற்குக்கரையில் நிகழ்ந்தது வேறு. தமிழகத்தில் 1960-கள் முதல் அரசின் ஊக்கத்தோடு பெருகிய இழுவைப்படகுகள், வடகடலின் படகுகள் கட்டிப்போடப்பட்டிருந்த கால் நூற்றாண்டில் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையைத் தாண்டிய கடலையும் தம் தொழிற்களமாக்கிக் கொண்டன. அவற்றின் உள்ளே நூறும் அதற்கு மேலும் குதிரைத்திறன் கொண்ட டீசல் இயந்திரங்கள். அந்த வலு வேகத்துக்கன்று. மணிக்கு இரண்டு மூன்று கடல்மைலில் ஊர்ந்தபடியே அடித்தளத்தை வாரும் மடியை இழுப்பதற்கு. ஒரு கரையில் வலு பாதுகாப்புக் காரணத்தால் குறைக்கப்பட்டது. மறுகரையில் வளர்ச்சிக் கொள்கையால் கூட்டப்பட்டது.

தமிழகத்திலும் கேரளத்திலும் வேறொரு பாதை பேசப்படாமல் இல்லை. ஷூமாகர் முதலியோர் 1966-இல் இலண்டனில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு, ஏழை உழைப்பாளிக்கு ஏற்ற அளவான கருவி என்னும் கருத்தை முன்வைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலும் கேரளக் கரையிலும் மீனவர் சங்கங்கள் ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டியபோது இக்கருத்து கடலில் சோதிக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட பியர் ஜில்லே 1985-இல் எழுதிய நூலுக்கு, ஷூமாகரின் புகழ்பெற்ற தலைப்பைத் திருப்பி, ‘சிறியது கடினம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். கடினந்தான். 7, 8 குதிரைத்திறனில் தொடங்கிய கேரளத்து வெளியிணைப்பு மோட்டார்ப் போட்டி 25-க்கும் 40-க்கும் ஏறி, வளையவலை வள்ளங்களில் மூன்று நாற்பதுகள் வரிசையாகத் தொங்கும் நிலையை எட்டியது. அடுத்தவன் வலுவைக் கூட்டும்போது தன்னுடையதைக் கூட்டாதவன் மீன்கூட்டத்துக்குப் பிந்துவான். அறிவுரை இதனைத் தடுக்கவில்லை.

2009-க்குப் பின் வடகடலுக்குத் திரும்பியோர் கண்ணாடியிழைப் படகையும் சிறு மோட்டாரையும் உதவியாகவோ கடனாகவோ பெற்றனர். அவர்கள் விரித்த செவுள்வலைகளை இரவில் வந்த இழுவைப்படகுகள் (கரையோர வழக்கில் ‘றோலர்’) அறுத்துச் சென்றன. பாக்கு விரிகுடாவில் தமிழக இழுவைப்படகுகளுக்குக் கிழமையில் மூன்று நாள் என ஒதுக்கப்பட்டுள்ளமையால், திங்கள், புதன், சனி இரவுகளில் வடபகுதித் தொழிலாளர் கடலுக்குச் செல்வதைத் தவிர்க்கும் வழக்கம் உருவானது. முன்னர்ப் படைமுகாம் விதித்த நாட்காட்டியின் இடத்தில் இப்போது மறுகரையின் நாட்காட்டி. இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் அடித்தள இழுவைமடியைத் தடைசெய்தது. தனிநபர் பிரேரணையாக அதனைக் கொண்டுவந்தவர் எம். ஏ. சுமந்திரன். சட்டம் வந்தது, படகுகளின் வருகை ஓயவில்லை. தமிழர் இருசாராரையும் எதிர்நிறுத்தும் இப்பிணக்கு இனத்தின் பெயரால் பேசப்படும்போதெல்லாம் இயந்திரத்தின் பேச்சு மறைந்துவிடுகிறது. 15 குதிரைவலுவுக்கும் 150 குதிரைத்திறனுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையை உணர்வு ஒற்றுமை தீர்த்துவைக்கும் என எதிர்பார்த்தது பேசச்சென்றோரின் தவறு.

எரிபொருளும் இச்சமன்பாட்டில் ஒரு தரப்பாயிற்று. நெருக்கடி ஆண்டான 2022-இன் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விளக்கெரிப்பவர் பலர் மின்சாரத்துக்கு மாறிவிட்டனர். அமரத்தில் மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருந்தவருக்கு மாற்று இல்லை; வலு அப்படியே இருந்தது, அதனை ஓட்டும் நேரம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இலங்கைக் கடற்றொழில் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் வெளியிணைப்பு இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளை ஒரே வகையாக எண்ணி, மாவட்ட வாரியாகத் தருகின்றன. எட்டுக் குதிரைவலு பூட்டிய படகும் நாற்பது பூட்டிய படகும் அங்கு ஒன்று, ஒன்று எனவே கூட்டப்படுகின்றன. கிளாலியில் ஆட்களை இழுத்த மோட்டார்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. அவற்றின் கணக்கைச் சொல்லக்கூடியவர்கள் குருநகரிலும் நாவாந்துறையிலும் இலண்டனிலும் அறுபது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர்.